அள்ளுபவர்களின் கணக்கு

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின் மழை சென்னையையும் அதன் வடக்குப் புறத்தையும் மூழ்கடித்தது. வெள்ளம் வடியத் தொடங்கியபோது, மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியே கரிய எண்ணெய் இறங்கி எண்ணூர்க் கழிக்கு வந்து சேர்ந்தது. படகு, வலை, அலையாத்தி வேர், கூழைக்கடாவின் இறகு என எதையும் அது விட்டுவைக்கவில்லை. படலம் சுமார் 20 சதுர கிலோமீட்டருக்குப் பரவியிருந்ததாகக் கடலோரக் காவல்படை மதிப்பிட்டது. அதை அள்ளுவதற்குக் கழியில் இறங்கியவர்கள், அதே கழியில் மீன் பிடித்துப் பிழைப்பவர்கள். அவர்களிடம் இருந்த கருவிகள் குவளை, பக்கெட், டிரம். முதல் நாட்களின் செய்திப் படங்களில் பலருடைய கைகளில் உறைகூட இல்லை.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து விசாரணையைத் தொடங்கியது. மணலியிலுள்ள சிபிசிஎல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வளாகத்தில் மழைநீரைக் கையாண்ட முறையில் இருந்த குறைபாட்டையே காரணமாகத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சுட்டியது. பணி முடியும் தறுவாயில் அரசு தந்த கணக்கின்படி சுமார் ஒரு லட்சம் லிட்டர் எண்ணெய் கலந்த நீரும், 400 டன்னுக்குச் சற்றுக் குறைவான எண்ணெய்க் கசடும் அகற்றப்பட்டிருந்தன. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கும் படகுகளுக்கும் 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது.

இதை ஒரு பேரிடராக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். வடசென்னையிலிருந்து காட்டுப்பள்ளி வழியாகப் பழவேற்காடு வரை நீளும் கரையில் துப்புரவு எப்படி நடக்கிறது என்பதே அந்த நாட்களில் வெளியே தெரிந்தது. அழுக்கு மேலிருந்து வருகிறது. அள்ளும் வேலை கீழே இருப்பவர்களிடம் வந்து விழுகிறது. எதை, எங்கே, எவ்வளவு வெளியேற்றலாம் என்ற முடிவு அவர்கள் இல்லாத அறையில் எடுக்கப்படுகிறது. சுத்தம் செய்கிறவர்களுக்கு அழுக்கின் மூலத்தைச் சோதிக்கவும் அதற்குக் கணக்குக் கேட்கவும் உரிமை வராதவரை, எந்தச் சமூகத் துப்புரவு முயற்சியும் இந்தக் கரையில் நிலைக்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எல்லாம் வந்து சேரும் மணல்திட்டு

காட்டுப்பள்ளி சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தில், கடலுக்கும் கழிக்கும் நடுவே கிடக்கும் நீண்ட மணல்திட்டில் இருக்கிறது. கிழக்கே வங்காள விரிகுடா, மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும். தெற்கே கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலைச் சேர்கிறது. வடக்கே, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு. நீரின் வழியைப் பார்த்தால், சென்னையின் வடபாதியும் மணலியும் மீஞ்சூரும் வெளியேற்றுவதில் பெரும்பகுதி கடைசியில் இந்தக் கழிக்கு வந்தாக வேண்டும்.

முப்பது ஆண்டுகளில் இந்தத் திட்டைச் சுற்றி எழுந்தவற்றின் வரிசை நீளமானது. 1990-களில் வடசென்னை அனல் மின் நிலையம், 2001-இல் எண்ணூர்த் துறைமுகம், 2010-இல் காட்டுப்பள்ளியிலேயே நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, பிறகு வல்லூர் அனல் மின் நிலையம், 2013-இல் காட்டுப்பள்ளித் துறைமுகம். துறைமுகத்தோடு வந்த கப்பல் கட்டும் தளத்துக்காகக் காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவர்கள் தங்கள் கரையை விட்டு இடம் மாற வேண்டியிருந்தது. 2018-இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்த துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் நடக்கவிருந்த அதன் பொது விசாரணை தள்ளிவைக்கப்பட்டது. இன்னும் வடமேற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்காலைகளும் வேதியியல் ஆலைகளும் இருக்கின்றன. பிற மாவட்டத் தொழிற்சாலைகளின் அபாயக் கழிவுகளையும் வாங்கிப் புதைக்கும் தளமும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட ஓர் இடத்தில் "உங்கள் ஊரைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று பலகை வைப்பதில் ஓர் அநீதி இருக்கிறது. பலகை யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பதைக் கவனித்தால் அது தெரியும். கழிக்கு வரும் சாம்பலுக்கும் எண்ணெய்க்கும் அந்த ஊரார் காரணமில்லை. ஆனாலும் ஊருக்குள் குப்பையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பேசுவதுதான் துப்புரவு பற்றிய நம் பேச்சுகளின் பெரிய குறை.

மூன்று வகை, மூன்று வழி

இந்தக் கரையில் சேரும் கழிவை அதன் பிறப்பிடத்தை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது ஊருக்குள்ளேயே உருவாவது. சமையல் கழிவு, மீன் கழிவு, டீக்கடைக் கப்பு, கிழிந்த நைலான் வலை, உடைந்த தெர்மாகோல் பெட்டி. இதற்கான பொறுப்பும் தீர்வும் பெருமளவு ஊராட்சியின் கையில் இருக்கின்றன. தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளில் தூய்மைக் காவலர்கள் வீடுவீடாக வண்டியோடு வந்து, மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனியாக வாங்குகிறார்கள். 2022-இல் ஊரக வளர்ச்சித் துறை தொடங்கிய 'நம்ம ஊரு சூப்பரு' இயக்கம் பொது இடங்களைச் சுத்தமாக்குவதையும் அழகுபடுத்துவதையும் ஊராட்சிகளின் வேலைத்திட்டத்தில் சேர்த்தது. மண்சாலை, சிதறிய குடியிருப்பு, குறைந்த வரி வருமானம் என்று கடற்கரை ஊராட்சிகளுக்கே உரிய தடைகள் இருந்தாலும், இந்த முதல் வகைக்கு வழி தெரியும். வேண்டியது முறையான சம்பளமும், பிரித்த குப்பையை வாங்கிக்கொள்ள ஓர் இடமும். பிரித்துக் கொடுத்த குப்பை மறுபடியும் ஒரே குழியில் கொட்டப்படுவதைப் பார்க்கிற குடும்பம் அடுத்த வாரம் பிரிக்காது.

இரண்டாவது வகை தண்ணீரோடு வருவது. வடகிழக்குப் பருவமழையில் கால்வாய்களும் ஆறும் பெருகும்போது, சென்னையின் வடபகுதித் தெருக்களில் கிடந்த பிளாஸ்டிக் எல்லாம் கழிமுகத்துக்கு வந்துவிடும். பல பத்தாண்டுகளாக நகரின் குப்பையைச் சுமக்கும் கொடுங்கையூர்க் கிடங்கும் இதே வடிநிலத்தில்தான் இருக்கிறது. இந்த வகையில் கரையில் மிகுதியாகக் கிடப்பவை மறுசுழற்சிக்கு விலை போகாத பல அடுக்குப் பாக்கெட்டுகள். ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழக்கம் கடலூரிலிருந்துதான் நாட்டுக்குப் பரவியது. ஏழைகளும் வாங்கும்படி செய்த அந்த ஏற்பாட்டில், வெறும் பாக்கெட் எங்கே போகும் என்ற கேள்விக்கு மட்டும் விடை இல்லை. அதைப் பொறுக்கிச் சேர்ப்பவருக்கு எடைக்கடையில் காசு கிடைக்காததால் அது கிடந்த இடத்திலேயே கிடக்கிறது.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை நடைமுறைக்கு வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. இரண்டுமே தேவையானவை. ஆனால் பழக்கத்தை மாற்றச் சொல்லும் பிரச்சாரத்தைவிட, காசு கைமாறும் ஏற்பாடு வேகமாக வேலை செய்யும் என்பதற்கு நீலகிரியே சான்று. காட்டில் கண்ணாடிப் பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிப்பதைக் கண்ட சென்னை உயர் நீதிமன்றம் அழுத்தம் கொடுத்ததால், 2022-இல் அங்குள்ள டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பணத்தைக் கொடுக்கும் முறை வந்தது. பாட்டில்களில் மிகப் பெரும்பகுதி திரும்பி வந்தது. பின்னர் பல மாவட்டங்களுக்கு இந்த முறை விரிந்தது. எத்தனை தன்னார்வலர்கள் எத்தனை ஞாயிற்றுக்கிழமை குனிந்து பொறுக்கினாலும் அவ்வளவு பாட்டில்களை அகற்றியிருக்க முடியாது. மூலத்தில் வைக்கும் ஒரு விதியின் வலிமை அது.

மூன்றாவது வகைதான் காட்டுப்பள்ளி வட்டாரத்தைப் பிற கடற்கரைகளிலிருந்து வேறுபடுத்துகிறது. அது தொழிற்சாலையிலிருந்து வருவது. வடசென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல், தண்ணீரில் கரைத்த குழம்பாகக் குழாய்களில் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குப் போகிறது. அந்தக் குழாய்களின் கசிவு ஆண்டுக்கணக்கில் கொசஸ்தலை ஆற்றில் படிந்து, ஆற்றின் ஆழத்தைத் தின்றது. படகு தரை தட்டுகிறது, இறால் இல்லை என்று மீனவர்கள் முறையிட்டுக்கொண்டே இருந்தார்கள். 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இந்த மாசுக்கு மின்வாரியத்தைப் பொறுப்பாக்கி, சீரமைப்புக்கு உத்தரவிட்டது.

இதே வகையில் உயிருள்ள கழிவு ஒன்றையும் சேர்க்க வேண்டும். எண்ணூர், பழவேற்காடு மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று அழைக்கும் தென் அமெரிக்கச் சிப்பி இனம் சில ஆண்டுகளாகக் கழியின் தரையைக் கம்பளம் விரித்ததுபோல் மூடிவருகிறது. கப்பல்கள் எடையைச் சமன் செய்ய ஏற்றிவந்து துறைமுகங்களில் வெளியேற்றும் நீரோடு அது வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மஞ்சள் மட்டியும் பச்சை ஆழியும் வாழ்ந்த இடத்தை அது பிடித்துக்கொண்டது. இறால் புதையும் சேறு அதன் அடியில் மறைந்தது. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் மீனவப் பெண்களுக்கும் அதன் ஓடு கை கால்களைக் கீறுகிறது. ஊரார் கூடிப் பொறுக்கித் தீர்க்கக்கூடிய குப்பையா இது?

ஆகவே முதல் வகைக்கு ஊராட்சி, இரண்டாவதற்கு விற்பவர் மீது விதி, மூன்றாவதற்கு ஆலையின் வாயிலில் கண்காணிப்பு. மூன்றுக்கும் ஒரே மருந்தாகத் துடைப்பத்தை நீட்டுவது, நோயாளியையே மருத்துவச் செலவையும் ஏற்கச் சொல்வதாகும்.

தெருவிலிருந்து கிடங்குக்கு

தமிழ்நாட்டில் சமூகத் துப்புரவுக்கு மதிக்கத்தக்க வரலாறு உண்டு. 1989-இல் சென்னையில் எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா அமைப்பு, தெருவாசிகளே மாதச் சந்தா போட்டு, குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களைத் தெருவை அழகுபடுத்துபவர்களாக வேலைக்கு அமர்த்தும் முறையைப் பரப்பியது. மூன்று சக்கர வண்டி வீட்டு வாசலுக்கு வந்தது. தெருமுனையில் குவியும் குப்பை மறைந்தது. நகராட்சி செய்யட்டும் என்று காத்திராமல் தெருவே கூடிச் செய்த அந்த முயற்சி ஒரு தலைமுறைக்குப் பொதுப்பொறுப்பைக் கற்றுத்தந்தது.

ஆனால் தெருவிலிருந்து அகன்ற குப்பை எங்கே போனது? கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும். ஒரு தெருவின் அழகுக்கு இன்னொரு குடியிருப்பின் காற்றும் நீரும் விலையானது. இதைப் புரிந்துகொண்டே அந்த இயக்கத்தின் பிந்தைய முயற்சிகள் பிரித்தெடுப்பதிலும் உரமாக்குவதிலும் கவனம் வைத்தன. பம்மலில் பெண்கள் முன்னின்று வீட்டுக் குப்பையை உரமாக்கிக் காட்டினார்கள். அகற்றுவது வேறு, குறைப்பது வேறு என்பதே அந்த அனுபவத்தின் சாரம். அகற்றப்பட்டவை வந்து சேரும் திசையில் இருக்கும் காட்டுப்பள்ளிக்காரருக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எண்ணுவதும் துப்புரவே

கடற்கரைத் துப்புரவு என்றாலே கையுறை, சாக்குப்பை, குழுப்படம் என்ற காட்சிதான் நினைவுக்கு வருகிறது. உலக அளவில் அந்த இயக்கம் தொடங்கியபோது அதன் நடுவே இருந்தது ஒரு காகிதம். 1986-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் லிண்டா மரானிஸ், கேத்தி ஓஹாரா என்ற இரு பெண்கள் தன்னார்வலர்களைத் திரட்டினார்கள். ஒவ்வொருவரிடமும் ஓர் அட்டையைக் கொடுத்து, எடுக்கிற ஒவ்வொரு பொருளையும் வகைவாரியாகக் குறிக்கச் சொன்னார்கள். கப்பல்களிலிருந்து எறியப்பட்டவை எவை, கரையில் விடப்பட்டவை எவை என்று அந்த எண்ணிக்கை காட்டியது. கப்பல்கள் கடலில் பிளாஸ்டிக் கொட்டுவதைத் தடைசெய்யும் சர்வதேச விதி 1988 இறுதியில் நடைமுறைக்கு வந்தது. அதை அமெரிக்கா ஏற்க வேண்டும் என்று வாதாடியவர்களுக்கு இந்த எண்கள் கைகொடுத்தன. 2018 முதல் உலகின் பல நாடுகளில் தன்னார்வலர்கள், பொறுக்கிய பாக்கெட்டுகளை எந்த நிறுவனத்தின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது என்று பிரித்து எண்ணி வெளியிட்டுவருகிறார்கள். குப்பை அப்போது பெயரில்லாத பொருளாக இருப்பதில்லை.

காட்டுப்பள்ளி வட்டாரத்திலும் இதற்கு இணையானது நடந்திருக்கிறது, வேறு வடிவில். எந்தக் குழாய் எங்கே கசிகிறது, எந்த ஓடையில் நீரின் நிறம் எப்போது மாறுகிறது, எங்கே ஆழம் எவ்வளவு குறைந்தது என்பதை எண்ணூர்க் கழியின் மீனவர்கள் கவனித்து, படம் எடுத்து, ஆண்டுக்கணக்கில் அதிகாரிகளிடம் கொண்டுசேர்த்தார்கள். கிராமத் தலைவர்களும் ஆர்வலர்களும் பழைய வரைபடங்களைத் தோண்டியெடுத்து, கடலோர ஒழுங்குமுறை விதியின் கீழ் காக்கப்பட வேண்டிய சதுப்பு எது என்று வாதிட்டார்கள். தீர்ப்பாயத்தின் உத்தரவுகளுக்குப் பின்னால் இந்த உழைப்பு இருக்கிறது. இதைத் துப்புரவு என்று யாரும் பாராட்டுப் பத்திரம் கொடுப்பதில்லை. சாம்பல் குழாய் ஒன்றின் கசிவை அடைக்கவைக்கும் முறையீடு, ஆற்றிலிருந்து எத்தனை டன் சாம்பலை அள்ளுவதற்குச் சமம் என்று எண்ணிப் பார்த்தால் அதன் மதிப்பு விளங்கும்.

எண்ணிக்கை எவ்வளவு முக்கியம் என்பதை 2017-இன் விபத்தும் காட்டியது. அந்த ஆண்டு ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே 'டான் காஞ்சிபுரம்', 'பிடபிள்யூ மேப்பிள்' என்ற இரு கப்பல்கள் மோதின. பெரிய கசிவு எதுவும் இல்லை என்றே முதலில் சொல்லப்பட்டது. பிறகு சில டன் என்றார்கள். எர்ணாவூர்ப் பாறைகளில் எண்ணெய் கெட்டியாகத் திரண்டு, மாணவர்களும் மீனவர்களும் தன்னார்வலர்களும் வரிசையாக நின்று பக்கெட் பக்கெட்டாக அள்ளிய பிறகுதான் உண்மை அளவு வெளியே வந்தது. பின்னாளைய மதிப்பீடுகள் 200 டன்னை ஒட்டின. அள்ளியவர்களின் டிரம்கள் இல்லையென்றால் முதல் அறிக்கையே வரலாறாகியிருக்கும்.

ஒரு வழக்கறிஞரும் ஒரு படகுத்துறையும்

பிற கரைகளின் அனுபவமும் இதையே சொல்கிறது. மும்பை வெர்சோவாக் கடற்கரையை 2015 அக்டோபரில் வழக்கறிஞர் அஃப்ரோஸ் ஷா தன் அண்டைவீட்டுக்காரரோடு சேர்ந்து சுத்தம் செய்யத் தொடங்கினார். வாரந்தோறும் கூட்டம் பெருகியது. 2016-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் அவருக்கு உயரிய விருது அளித்தது. 2018 மார்ச்சில் அந்தக் கரையில் ஆமைக் குஞ்சுகள் கடலுக்குப் போவதை மக்கள் பார்த்தார்கள். இது உண்மையான சாதனை. அதே நேரத்தில் ஒவ்வொரு மழைக்காலமும் குப்பையை மறுபடியும் கரையில் சேர்த்தது. ஷாவின் குழு பின்னர் மித்தி ஆற்றுக்குத் தன் வேலையை விரித்ததற்குக் காரணம் அதுதான்: கரையைக் காக்க ஆற்றின் மேலே போக வேண்டியிருந்தது.

கேரளத்தின் கொல்லம் மாவட்டத்து நீண்டகரையில் 2017-இல் தொடங்கிய 'சுசித்வ சாகரம்' வேறொரு வழியைத் திறந்தது. விசைப்படகுகளின் வலையில் மீனோடு பிளாஸ்டிக்கும் ஏறுவது வழக்கம்; மீனவர்கள் அதைத் திரும்பக் கடலிலேயே போட்டுவிடுவார்கள். மீன்வளத் துறை, துறைமுகப் பொறியியல் துறை, படகு உரிமையாளர் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தன. படகுக்குப் பை கொடுக்கப்பட்டது. கரைக்கு வந்த பிளாஸ்டிக்கைப் பெண்கள் பிரித்து, கழுவி, துருவினார்கள். துருவல் சாலை போடப் பயன்பட்டது. அந்தச் சாலைத் தொழில்நுட்பத்தை மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் வளர்த்தெடுத்திருந்தார் என்பதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.

நீண்டகரையின் வெற்றி எதில் இருக்கிறது என்று பார்த்தால், அங்கே மீனவரிடம் தியாகம் கேட்கப்படவில்லை. அவர் வேலையின் போக்கிலேயே ஒரு சிறு மாற்றம் கேட்கப்பட்டது. கரையில் அதை வாங்கிக்கொள்ள ஆளும் இயந்திரமும் கூலியும் தயாராக இருந்தன. தமிழ்நாட்டிலும் கிழிந்த வலைகளை விலை கொடுத்து வாங்கும் முயற்சி காசிமேட்டில் தொடங்கியிருக்கிறது. பழவேற்காட்டுக்கும் காட்டுப்பள்ளிக் கரைக்கும் அது வந்தால், கடலில் கைவிடப்பட்டு ஆமைகளைச் சிக்கவைக்கும் வலைகள் குறையும்.

பாடு முறையில் கற்க வேண்டியது

பொது இடத்தைப் பராமரிப்பது பற்றி வெளியார் வந்து கற்றுத்தர வேண்டிய ஊர்கள் இவை இல்லை. பழவேற்காட்டில் 'பாடு' என்ற முறை தலைமுறைகளாக இருக்கிறது. ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் சில, விழாத இடங்கள் சில. எல்லோரும் நல்ல இடத்துக்கே போட்டியிட்டால் சண்டையும் சூறையும்தான் மிஞ்சும். ஆகவே உரிமையுள்ள தலைக்கட்டுகள் சீட்டுப் போட்டு, முறைவைத்து, இடம் மாறி மாறி வலை கட்டுகிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவர் நாளை வேறிடம் போக வேண்டும். எந்த வலை, எந்த நேரம், யார் மீறினால் என்ன அபராதம் என்பதையெல்லாம் ஊர்க்கூட்டம் தீர்மானிக்கிறது. எண்ணூர்க் கழிமுகக் கிராமங்களிலும் இப்படி முறைவைக்கும் வழக்கம் உண்டு.

பொதுச் சொத்து என்றால் யாருக்கும் பொறுப்பில்லாத சொத்து என்று நினைக்கிறவர்களுக்கு இந்த ஏரி தெளிவான மறுப்பு. விதி, முறை, கண்காணிப்பு, தண்டனை ஆகிய நான்கும் மக்களின் கையிலேயே இருக்கின்றன. ஒன்று மட்டும் இல்லை: கழிக்குள் சாம்பலோ எண்ணெயோ விடுகிறவர் அந்த ஊர்க்கூட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவரில்லை. வலையின் கண்ணளவை மீறிய மீனவருக்கு அபராதம் போட முடிகிற கூட்டத்தால், ஆலையின் வாய்க்காலைத் திறந்து பார்க்கக்கூட முடியாது.

பாடு முறையைப் புகழும்போது அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். அது ஆண்களின் தலைக்கட்டு முறை. குறிப்பிட்ட சமூகத்துக்கு உரியது. கையால் இறால் பிடிக்கும் இருளர்களுக்கும், நண்டும் மட்டியும் சேகரித்து மீன் விற்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. சேற்றில் அதிக நேரம் நிற்கிற இவர்களுடைய தோல்தான் கழியின் கேட்டை முதலில் அறிகிறது. நாளைய துப்புரவுக் குழுவில் இவர்கள் பெயரளவுக்கு உட்காரவைக்கப்படாமல், வாக்குள்ளவர்களாக இருக்க வேண்டும்.

எது அழகு?

பொது இடத்தை அழகுபடுத்துவது பற்றியும் ஒரு சொல். 2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம், பெரிய நிறுவனங்கள் தம் நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்தப் பணத்தில் பள்ளிச் சுவர்களில் ஓவியம், சாலையோரச் செடிகள், கடற்கரைத் துப்புரவு நாள் ஆகியவை எளிதில் நடந்துவிடுகின்றன. குழந்தைகள் படிக்கும் சுவர் வண்ணமாக இருப்பது நல்லதுதான். ஆனால் காட்டுப்பள்ளியின் அழகைப் பற்றி முடிவெடுக்கிறவர்கள் அதன் நிலத்தைப் படிக்க வேண்டும்.

இந்தக் கரையில் அழகு பலர் கண்ணுக்குத் தரிசாகத் தெரிவதில் இருக்கிறது. ஓதம் ஏறி இறங்கும் சேற்றுவெளியில்தான் உள்ளான்கள் இரை தேடுகின்றன. மணல்மேட்டில் படரும் அடும்புக்கொடி, சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்தின் அடையாளமாகப் பாடியது, மணலைப் பிடித்துவைத்துக் கடலை ஊருக்குள் வராமல் தடுக்கிறது. கனரக இயந்திரம் கொண்டு கரையை வழித்துச் சீராக்கினால் குப்பையோடு அந்தக் கொடியும் போகும். ஆமை முட்டையிட்ட குழியும் போகும். சதுப்பைத் தூர்த்துப் பூங்கா அமைத்தால் புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். அடுத்த மழையில் தண்ணீர் வீட்டுக்குள் வரும். இங்கே ஓர் இடத்தை அழகாக்குவதற்கான முதல் வேலை, அதை அதன் இயல்பில் விட்டுவைத்து, அதற்குள் வரக் கூடாததைத் தடுப்பது.

செய்யக்கூடியவை

இவற்றிலிருந்து சில நடைமுறை முடிவுகள் பிறக்கின்றன.

ஒவ்வொரு துப்புரவிலும் சேர்ந்தது எடைபோட்டு, வகைபிரித்து, பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். அந்தப் பதிவேடு ஊராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், அவற்றில் ஒன்று. அன்று அந்தக் கணக்கு வாசிக்கப்பட்டுத் தீர்மானமாகட்டும். எந்த நிறுவனத்தின் பாக்கெட் எத்தனை, எந்த ஓடையில் எத்தனை கிலோ என்ற தீர்மானம், உற்பத்தியாளருக்கு விரிந்த பொறுப்பு சுமத்தும் பிளாஸ்டிக் விதிகளுக்குக் கீழிருந்து கிடைக்கும் சாட்சியமாகும்.

எண்ணெய்க் கசிவு இந்தக் கரையில் 2017-க்கும் 2023-க்கும் இடையே ஏழு ஆண்டுகளுக்குள் இருமுறை நடந்துவிட்டது. மிதவைத் தடுப்புகள், உறிஞ்சு பாய்கள், கையுறை, ரப்பர் காலணி, முகக்கவசம் ஆகியவை ஆலைகளின் செலவில் மீனவ கிராமங்களிலேயே இருப்பு வைக்கப்பட வேண்டும்; அவற்றைப் பயன்படுத்த இளைஞர்களும் பெண்களும் பயிற்சி பெற வேண்டும். அள்ளுவோருக்குக் கூலி முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட வேண்டும். அவர்களுடைய உடல்நிலை பின்னரும் சில ஆண்டுகள் கவனிக்கப்பட வேண்டும். இதை உதவியாகக் கேட்க வேண்டியதில்லை. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது, வேலூர்க் குடிமக்கள் தொடுத்த, பாலாற்றைக் கெடுத்த தோல் கழிவு பற்றிய வழக்கில்தான். தமிழ்நாட்டு ஆறு ஒன்று பெற்றுத்தந்த கோட்பாடு இன்னொரு தமிழ்நாட்டு ஆற்றுக்கு ஏன் எட்டாமல் இருக்க வேண்டும்?

பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலையும் கழியில் சேரும் முன்பே மிதக்கும் குப்பையைத் தடுத்து அகற்றும் அமைப்புகள் நகரத்தின் செலவில் நடக்க வேண்டும். குப்பையின் பிறப்பிடம் நகரம் என்பதால் செலவும் அதனுடையதே.

கடைசியானது மிகக் கடினமானது; அதிகம் தேவையானதும் அதுதான். ஆலைகளின் வெளியேற்று வாய்களையும் சாம்பல் குழாய்களையும் கண்காணிக்கும் குழுக்களில் மீனவர்கள், பெண்கள், இருளர்கள் ஆகியோருக்கு இடம் வேண்டும். முன்னறிவிப்பின்றி உள்ளே சென்று மாதிரி எடுக்கவும், முடிவைத் தமிழில் பெறவும், ஊர்க்கூட்டத்தில் வெளியிடவும் அவர்களுக்கு உரிமை வேண்டும். பாடு முறையை நடத்தத் தெரிந்தவர்களுக்கு இதை நடத்தவும் தெரியும்.

கையால் அள்ளிய தன்னார்வலர்களையும் மீனவர்களையும் நாம் 2017-இலும் 2023-இலும் மனதாரப் பாராட்டினோம். அந்தப் பாராட்டு உண்மையானதென்றால், மூன்றாம் முறை அள்ள வேண்டிய நிலை வராமல் தடுக்கும் அதிகாரத்தை அவர்களிடம் கொடுக்க வேண்டும். ஒரு கரையைச் சுத்தமாக வைத்திருக்க அங்கே வாழ்பவர்களின் அக்கறை போதும் என்று நெடுங்காலமாகச் சொல்லிவிட்டோம். காட்டுப்பள்ளியில் அக்கறைக்குப் பஞ்சமில்லை; அதிகாரம்தான் வந்து சேரவில்லை. அதைக் கேட்டுப் பெறுவது அந்த ஊரின் வேலை மட்டுமில்லை. நம் வீட்டு மின்விளக்கின் சாம்பலும், நம் வண்டியின் எண்ணெயும், நம் கடையில் வாங்கிய பாக்கெட்டும் போய்ச்சேரும் இடம் அதுதான் என்பதால், நம் எல்லோருடைய வேலையும் ஆகும்.